ரோஷியா மொன்டானா: மலை தப்பியது, ஊர்?

2024 மார்ச்சில் ருமேனியாவுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு வந்தது. ரோஷியா மொன்டானாவில் தங்கம் எடுக்க அனுமதி தரவில்லை என்று கனடாவின் கேப்ரியல் ரிசோர்சஸ் நிறுவனம் 400 கோடி டாலருக்கு மேல் நட்ட ஈடு கேட்டிருந்தது. சர்வதேச நடுவர் மன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. சூழலியல் அக்கறையுள்ள பலர் இதை முழு வெற்றி என்று எழுதினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் காப்பாற்றப்பட்டது மலை மட்டுமே என்று நினைக்கிறேன். அந்த மலையில் குடியிருக்கிற ஊருக்கு இன்னும் யாரும் ஒரு வழி சொல்லவில்லை.

ருமேனியாவின் டிரான்சில்வேனியா பகுதியில், அதன் மேற்கில் அபுசேனி மலைகள் இருக்கின்றன. அங்கே ஆல்பா மாவட்டத்தில், 16 சிற்றூர்கள் சேர்ந்த ஊராட்சி ரோஷியா மொன்டானா. ரோஷியா என்ற ஓடை ஊருக்கு நடுவே இறங்கி அப்ருட் ஆற்றில் சேர்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் கோர்னா என்ற சிற்றூர். சுற்றிலும் செதாத்தே, கர்னிக், ஓர்லியா, ஜிக் என்று குன்றுகள். எல்லாம் பழைய எரிமலைப் பாறை. தங்கம் அதில் மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. மேட்டு நிலம், நீண்ட பனிக்காலம். புல் அறுக்கலாம், மாடு வளர்க்கலாம், உருளைக்கிழங்கு போடலாம். அதை வைத்து இத்தனை பேர் பிழைத்திருக்க முடியாது. அதனால் பாறைக்குள் இறங்கினார்கள்.

கி.பி. 106இல் ரோமப் பேரரசர் டிராஜன், இந்தப் பகுதி அடங்கிய டாசியா நாட்டைப் பிடித்ததும் ரோமர்கள் இங்கே வந்துவிட்டார்கள். அன்றைக்கு ஊரின் பெயர் அல்புர்னஸ் மாயோர். சுரங்க வேலை தெரிந்த இல்லிரிய மக்களை அட்ரியாட்டிக் கடலோர டால்மேஷியாவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். பாறையை நெருப்பால் சூடாக்கி விரிசல் விடவைப்பார்கள், பிறகு உளியால் வெட்டுவார்கள். அடியில் ஊறும் தண்ணீரை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக வெவ்வேறு மட்டங்களில் வைத்த மரச்சக்கரங்களால் மேலே ஏற்றினார்கள். ரோமானியர் காலத்துச் சுரங்கப் பாதைகளில் சுமார் 7 கிலோமீட்டர் இன்றும் இருக்கிறது.

இதையெல்லாம் விட என்னைப் பிடித்து நிறுத்துவது மெழுகுப் பலகைகள்தான். மரப்பலகையில் மெழுகு பூசி, கூர்முனையால் கீறி எழுதிய பத்திரங்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சுரங்கங்களுக்குள் கிடைத்தவை. கடன் சீட்டு, வீட்டு விற்பனை, வேலை ஒப்பந்தம் என்று எல்லாமே சாதாரண மக்களின் அன்றாடக் காகிதங்கள். 164ஆம் ஆண்டு மே மாதம் மெம்மியஸ் என்பவர் தங்க வேலைக்கு ஒப்பந்தம் போடுகிறார். அவருக்கு எழுதத் தெரியாததால் இன்னொருவர் எழுதிக் கொடுக்கிறார். நவம்பர் வரை வேலை, கூலி 70 தினாரியஸ் என்ற வெள்ளிக் காசு. இடையில் விட்டுப் போனால் நாளொன்றுக்கு 5 செஸ்டர்ஸ் (தினாரியஸில் கால் பங்குக் காசு) அபராதம். தண்ணீர் புகுந்து வேலை நின்றால் அதற்கேற்பக் கூலி குறையும். காலம் முடிந்து மூன்று நாளுக்கு மேல் கூலியை இழுத்தடித்தால் முதலாளிக்கும் அதே அபராதம். 139ஆம் ஆண்டுப் பலகை ஒன்றில், ஏறக்குறைய ஆறு வயதுள்ள பஸ்ஸியா என்ற சிறுமி 205 தினாரியஸுக்கு விற்கப்படுகிறாள். அந்த வரியைச் சும்மா படித்துவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

இன்னொரு பலகை 167 பிப்ரவரியில் எழுதியது. இறந்தவர்களின் ஈமச் செலவுக்காக ஆட்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தை, இனி நடத்த முடியாது என்று கலைத்துவிடுகிறார்கள். 54 பேர் இருந்த சங்கத்தில் இப்போது ஊரில் மிஞ்சியிருப்பது 17 பேர்தான், பெட்டியில் பணமும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வடக்கே போர் நெருங்கிய காலம் அது. நமக்குக் கிடைத்த பலகைகளும் அந்த ஆண்டோடு நின்றுவிடுகின்றன.

பிறகு வந்தவர்களில் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்காரர்கள் முக்கியமானவர்கள். மலைமேல் சின்னச் சின்ன அணைகள் கட்டி ஏரிகள் அமைத்தார்கள். அங்கிருந்து இறங்கும் தண்ணீர் ஓடையோரமாக வரிசையாக நின்ற மர இடிப்பான்களை ஓட்டும். உலக்கை உலக்கையாக விழுந்து கல்லைப் பொடியாக்கும் அமைப்பு அது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், தொழில் ஊர்க்காரர்களின் கையில் இருந்ததுதான். குடும்பம் குடும்பமாகச் சுரங்க உரிமை வைத்திருந்தார்கள். ஆர்த்தடாக்ஸ், கிரேக்கக் கத்தோலிக்கர், ரோமன் கத்தோலிக்கர், கால்வினியர், யூனிட்டேரியன் என்று ஐந்து சபைகளின் தேவாலயங்கள் இந்தச் சின்ன ஊரில் இருக்கின்றன. ருமேனியரும் ஹங்கேரியரும் ஜெர்மானியரும் ஒரே மலையைத் தோண்டியதன் அடையாளம்.

1948இல் கம்யூனிஸ்ட் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. குடும்ப உரிமை போயிற்று. 1970களில் செதாத்தே குன்றில் திறந்தவெளிச் சுரங்கம் ஆரம்பமானது. ரோமானியர் தோண்டிய அடையாளங்களோடு சேர்த்து அந்தக் குன்றின் தலையையே வெட்டி எடுத்தார்கள். பக்கத்தில் ஜெயமானா என்ற கிராமத்துக்கு நடந்தது இன்னும் கொடுமை. ரோஷியா பொயேனி தாமிரச் சுரங்கத்தின் கழிவுக்காக 1970களின் கடைசியில் மக்களை வெளியேற்றினார்கள். கழிவுச் சேறு வீடுகளை மூடியது, சேற்றுக்கு மேலே தேவாலயக் கோபுரம் நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு பள்ளத்தாக்கை மூடினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இந்தப் பகுதி மக்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை.

கனடா நிறுவனத்தின் திட்டம் இந்தப் பின்னணியில்தான் வந்தது. 300 டன் தங்கம் என்றார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரு டன் பாறையில் இருப்பது ஒன்றரை கிராம் போலத்தான். அப்படியானால் மலையையே வெட்டிப் பொடியாக்கி, சயனைடில் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். நான்கு குன்றுகளில் நான்கு பெரும் குழிகள், கோர்னா பள்ளத்தாக்கில் 185 மீட்டர் உயர அணை, அதற்குப் பின்னால் கழிவு. கோர்னாவின் வீடு, தேவாலயம், கல்லறை எல்லாம் அதற்கு அடியில் போயிருக்கும். சுரங்கத்தின் ஆயுள் 16 ஆண்டு. 2000 ஜனவரியில் வடக்கே பாயா மாரே நகரத்தில் கழிவுக்குட்டை உடைந்து சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு கலந்த நீர் திசா ஆறு வழியாக டான்யூப் வரை போனதையும், டன் கணக்கில் மீன்கள் செத்ததையும் நாடே பார்த்திருந்தது. பதினாறு ஆண்டு வேலைக்காக இரண்டாயிரம் ஆண்டு ஊரை அழிக்கலாம் என்ற கணக்கை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

அதே சமயம், சுரங்கம் வேண்டும் என்று கேட்ட ஊர்க்காரர்களை விலைபோனவர்கள் என்று திட்டுவதையும் ஏற்க மாட்டேன். 2006இல் அரசுச் சுரங்கம் மூடப்பட்டதும் சம்பளம் நின்றுவிட்டது. திட்டத்துக்காக 2002இல் ஊரைத் தொழிற்பகுதியாக வரையறுத்திருந்ததால் வேறு தொழில் தொடங்கவும் வழியில்லை. வீட்டை விற்றுவிட்டு ஆல்பா யூலியா நகரத்தில் நிறுவனம் கட்டித்தந்த ரெச்சா குடியிருப்புக்குப் போனவர்களுக்கு வேறு என்ன வழி வைத்திருந்தோம்? 2012 டிசம்பரில் சுற்றுவட்டார ஊர்களில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் சுரங்கத்தை ஆதரித்தார்கள். போதுமான பேர் வாக்களிக்காததால் அது செல்லுபடியாகவில்லை, அவ்வளவுதான். 2013 செப்டம்பரில் புக்கரெஸ்ட்டிலும் க்ளூஜிலும் ஆயிரக்கணக்கானோர் திட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியபோது, சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் வேலை கேட்டுப் பூமிக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். எதிர்ப்பை ஆரம்பித்து வைத்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். நிலத்தை விற்க மறுத்தவர்கள் 2000த்தில் அல்புர்னஸ் மாயோர் என்ற பழைய பெயரிலேயே சங்கம் அமைத்து, அனுமதிகளை நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக உடைத்தார்கள். தலைநகரம் திரும்பிப் பார்த்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. ஒரே ஊர், ஒரே தேவாலயம், இரண்டு பக்கமும் பேசாமல் போன குடும்பங்கள். அந்தப் பிளவுக்கு எந்தத் தீர்ப்பும் நட்ட ஈடு தராது.

2021இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அன்றைக்கே ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. சரி, பட்டியலில் பெயர் வந்தால் கூரை ஒழுகுவது நின்றுவிடாது. நிறுவனம் வாங்கிப் பூட்டிப்போட்ட வீடுகள் பல இடிந்துவிட்டன. கட்டடக் கலைஞர்கள் 2012 முதல் 'ஒரு வீட்டைத் தத்தெடுங்கள்' என்ற திட்டத்தில் தன்னார்வலர்களோடு பழைய வீடுகளைச் செப்பனிடுகிறார்கள். ஊர்ப் பெண்கள் கையால் பின்னிய கம்பளி உடைகள் வெளியூர்களுக்கு விற்பனையாகின்றன. இரண்டும் அருமையான வேலைகள். ஆனால் ஒரு ஊராட்சியையே தாங்கும் அளவுக்கு அவை போதாது.

ருமேனிய அரசு செய்ய வேண்டியது தெளிவாகத்தான் இருக்கிறது. வீடு கட்டவும் கடை போடவும் தங்கும் விடுதி நடத்தவும் ஊர்க்காரர்களுக்குத் தடையில்லாத புதிய நிலப் பயன்பாட்டுத் திட்டம் வேண்டும். பாழடைந்த வீடுகளைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும், திரும்பி வர விரும்பும் குடும்பங்களுக்கு அவற்றில் முன்னுரிமை வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு, பழைய சுரங்கங்களிலிருந்து கசியும் அமில நீரால் செம்பழுப்பாக ஓடுகிற ரோஷியா ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும். அது பல ஆண்டு வேலை, பல பேருக்குச் சம்பளம் தரும் வேலை. பாறையையும் தண்ணீரையும் அறிந்த பழைய சுரங்கத் தொழிலாளர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அவர்களையே அந்த வேலைக்கு எடுக்கலாம்.