வருகைப் பதிவு குறையும்போது முதலில் கேட்க வேண்டியது

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும், வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போன மாணவர்களின் பட்டியல் துறைத் தலைவரின் மேசைக்கு வருகிறது. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் வகுப்பு ஆலோசகராக இருக்கும் நான், அந்தப் பட்டியலில் ஊர் சுற்றுகிறவர்களும் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால், பதற்றத்தால் வகுப்பு வாசலைத் தாண்ட முடியாமல் விடுதி அறையிலேயே முடங்கிக் கிடக்கும் பிள்ளைகளும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே எச்சரிக்கைக் கடிதம்தான் போகிறது. இது மாற வேண்டும்.

இந்த முடக்கம் ஒரே நாளில் வருவதில்லை. வெளி மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு சென்னைக்கு வரும் மாணவி ஒருத்தி, அறுபது பேர் முன்னால் ஆங்கிலத்தில் செமினார் எடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முந்தின இரவே உறக்கம் போய்விடுகிறது. காலையில் வயிறு கலங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. ஆபத்தை எதிர்கொள்ள அட்ரினலின் சுரந்து உடலைத் தயார்ப்படுத்தும் இயல்பான வேலைதான் இது என்றாலும், அவளுக்கு அது ஏதோ பெரிய நோயாகவே தோன்றுகிறது. அன்று காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்ததும் பத்து நிமிடத்தில் மனம் இலேசாகிவிடுகிறது. அந்த நிம்மதியில்தான் சிக்கல் தொடங்குகிறது என்பேன். விலகினால் தப்பலாம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை செமினார் மட்டுமல்ல, அந்த ஆசிரியரின் வகுப்பே அச்சமூட்டுகிறது. பிறகு வைவா, பிறகு லேப், பிறகு மெஸ்ஸுக்குப் போனால் தோழிகள் காரணம் கேட்பார்களே என்ற தயக்கம்.

நமது விதிமுறை இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. வருகை குறையக் குறைய, ஹால் டிக்கெட் கிடைக்குமா, அரியர் விழுமா, பிளேஸ்மென்ட்டில் உட்கார விடுவார்களா என்ற கவலை கூடுகிறது. கவலை கூடக் கூட வகுப்புக்கு வருவது இன்னும் கடினமாகிறது. தினக்கூலியை விட்டுவிட்டு இரவுப் பேருந்தில் வந்து, துறைத் தலைவரின் முன்னால் கைகட்டி நிற்கும் அப்பாவைப் பார்க்கும் பிள்ளைக்குக் குற்ற உணர்வுதான் மிஞ்சுமே தவிர, துணிவு எங்கிருந்து வரும்?

“தைரியமாக இரு, யோகா செய்” என்ற அறிவுரையும், ஆண்டுக்கு ஒருமுறை அரங்கத்தில் நடக்கும் ஊக்க உரையும் போதுமென்று நான் கருதவில்லை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது படபடப்பைத் தணிக்கும். உச்சத்துக்குப் போகும் பீதி பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே இறங்கத் தொடங்கும் என்று தெரிந்திருப்பதும் உதவும். தேர்வுக் காலத்தில் காபியைக் குறைத்து உறக்கத்தைக் காப்பதும் நல்லது. ஆனால், விலகிய இடத்துக்குப் படிப்படியாகத் திரும்புவதே இவற்றில் முதன்மையானது. முதலில் இரண்டு தோழிகளிடம், பிறகு ஆசிரியரின் அறையில், பிறகு பத்துப் பேர் கொண்ட லேப் குழுவில் பேசிப் பார்த்தபின் வகுப்பின் முன்னால் நிற்கலாம். அதற்கு இடம் கொடுக்க எந்த ஒழுங்குமுறையையும் திருத்த வேண்டியதில்லை, ஆசிரியர் மனம் வைத்தால் போதும்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது. அதைப் பெயரளவில் நிறைவேற்றி, ஆலோசகரின் அறையைத் துறைத் தலைவரின் அறைக்குப் பக்கத்தில் வைத்தால் எந்த மாணவரும் அந்தப் பக்கம் போகமாட்டார். கல்லூரிக்குள் பேசத் தயங்குகிறவர்கள் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மனாஸின் 14416 எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவும் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கும் நகரத்தில், அந்தப் பிரிவுக்குத் தனியாகப் போக ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை எவ்வளவு அஞ்சும் என்பதைப் பெற்றோர் உணர்ந்து கூடவே போவது நல்லது.

கல்லூரி நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான். மஞ்சள் காமாலைக்கும் எலும்பு முறிவுக்கும் மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்கிறோம். மனநல மருத்துவரின் சான்றிதழையும் அதே மதிப்போடு ஏற்க வேண்டும். உடல்நோய்க்கு இணையாக மனநோயையும் நடத்த வேண்டும் என்பதும், நோயரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கின்றன. ஆகவே அந்தச் சான்றிதழ் வகுப்புத் தலைவர், அலுவலக உதவியாளர் என்று கைமாறிப் போகாமல், உறையிலிட்டு நேராக முதல்வரிடம் சேர வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்குப் போகும் முன்பே, வகுப்பு ஆலோசகர் அந்த மாணவரைத் தனியே அழைத்து ஒருமுறையாவது பேசியிருக்க வேண்டும்.