உலகத் திருச்சபைகள் மன்றத்தை வாட்டிகன் நடத்தவில்லை

“உலகத் திருச்சபைகள் மன்றத்தை நடத்துவதே வாட்டிகன்தான், எல்லாச் சபைகளையும் போப்புக்குக் கீழே கொண்டுவரத் திட்டம்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

இது பல நாட்டுக் கிறிஸ்தவச் சபைகளின் கூட்டமைப்பு. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய இந்த மன்றத்தில், போப்பின் தலைமையிலுள்ள கத்தோலிக்கத் திருச்சபை உறுப்பினரே இல்லை. 1965 முதல் இரு தரப்புக்கும் ஒரு கூட்டுப் பணிக்குழு உண்டு. மன்றத்தின், கோட்பாடுகளை ஆராயும் ஆணையத்தில் 1968 முதல் கத்தோலிக்க இறையியலாளர்களும் உறுப்பினர்கள்.

சரி, மன்றம் சபைகளுக்கு உத்தரவு போடுமா? முடியாது. சபைகளுக்கு மேலான சபையாக அது ஆகவே கூடாது என்று 1950இல் டொரான்டோவில் எழுதியே வைத்துவிட்டார்கள். வாக்கெடுப்பில் தங்கள் குரல் அமுங்குகிறது என்று ஆர்த்தடாக்ஸ் சபைகள் (கிழக்கத்திய மரபுக் கிறிஸ்தவச் சபைகள்) வருந்தியபின், ஒருமித்த கருத்தைத் தேடும் முறையும் வந்தது. விவாதம் நடக்கும்போதே பிரதிநிதிகள் அட்டை காட்டுவார்கள்: ஆரஞ்சு என்றால் இசைவு, நீலம் என்றால் தயக்கம். நீல அட்டைகள் தெரிந்தால் தலைவர் அவர்களைப் பேச அழைப்பார்.