ரிப்போர்ட் நார்மல் என்ற பிறகுதான் பேச்சு தொடங்க வேண்டும்

இரத்த அழுத்தம் பார்ப்பதற்காகச் செவிலியர் என் இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றியபோது, வலி தாங்காமல் அலறிவிட்டேன். "என்னம்மா, பிபி பார்க்கறதுக்கே இப்படிக் கத்துறீங்க?" என்று அவர் கேட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2022இல்தான் எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெங்கும் மாதக்கணக்கில் வலியும் சோர்வும் தொடரும் நோய், இருப்பது தெரியவந்தது. அந்தப் பட்டையின் அழுத்தமே பெருவலியாக இருப்பது இந்நோயை நினைக்க வைக்கும் குறிப்புகளில் ஒன்று என்று அப்போது மருத்துவர் விளக்கினார். அத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை என் கையில் அந்தப் பட்டையைச் சுற்றியிருக்கிறார்கள்; எனக்கு வலித்தது என்பதை ஒருவரும் சீட்டில் எழுதவில்லை.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலையில் கண் விழிக்கும்போதே இரவெல்லாம் நாற்று நட்டவளைப் போல உடம்பு ஓய்ந்து கிடக்கும். கரும்பலகையில் நான்கு வரி எழுதுவதற்குள் தோள்பட்டை கழன்று விழுவதைப் போலிருக்கும். மூன்று ஆண்டுகளாக என் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் பெயர் வாய்க்கு வராமல் நின்றுபோன நாள்களும் உண்டு. எலும்பு மருத்துவர், நரம்பு மருத்துவர், பொது மருத்துவர் என்று மாறி மாறிப் போனேன். இரத்தப் பரிசோதனைகள், தைராய்டு, வைட்டமின் டி, முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் "ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவைத்தார்கள். ரிப்போர்ட் நார்மல் என்பது உண்மை. எனக்கு ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால்தான் பலருடைய ஆண்டுகள் வீணாகின்றன என்பது என் உறுதியான கருத்து.

இந்நோயை இரத்தத்திலோ எக்ஸ்ரேயிலோ காட்டும் பரிசோதனை எதுவும் கிடையாது. அந்தப் பரிசோதனைகளைச் செய்வதன் நோக்கம் வேறு: தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம் போன்று இதே மாதிரி உடம்பை வருத்தும் பிற நோய்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. அவை அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் தொடர்ந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ அதை ஃபைப்ரோமயால்ஜியா என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆனால் பரிசோதனைகளெல்லாம் சரியாக இருந்தும் வலி மட்டும் தொடர்கிறது என்றால், அதற்குப் பிறகு மருத்துவர் கேள்வி கேட்டுத்தான் நோயைக் கண்டறிய வேண்டும்.

கேட்பதற்கு முறையான வழியும் இருக்கிறது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி (மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் மருத்துவர்களின் அமைப்பு) வகுத்த விதிப்படி, உடம்பில் குறிப்பிட்ட 18 இடங்களை ஏறத்தாழ 4 கிலோ அழுத்தத்தில் விரலால் அழுத்தி, குறைந்தது 11 இடங்களிலாவது வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். அழுத்தினால் பெண்களுக்கு எளிதில் வலித்துவிடும் என்பதால், இது பெண்களின் நோய் என்ற எண்ணம் வலுப்பட இந்த முறையும் ஒரு காரணமாயிற்று; ஆண்கள் பலர் கணக்கிலேயே வராமல் போனார்கள். 2010இல் அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டு நோயாளியைக் கேட்டறியும் முறையைக் கொண்டுவந்து, 2016இல் அதைத் திருத்தினார்கள். தாடை முதல் கெண்டைக்கால் வரை 19 இடங்களில் கடந்த ஒரு வாரத்தில் எங்கெல்லாம் வலித்தது என்பதற்கு, இடத்துக்கு ஒன்றாக 19க்கு ஒரு மதிப்பெண்; சோர்வு, தூங்கி எழுந்தும் தெளியாத அசதி, நினைவுத் தடுமாற்றம், தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஆகியவற்றுக்குச் சேர்த்து 12க்கு இன்னொரு மதிப்பெண். முதலாவது குறைந்தது 7ம் இரண்டாவது குறைந்தது 5ம் இருந்தால், அல்லது முதலாவது 4 முதல் 6 வரை இருந்து இரண்டாவது 9ஐத் தொட்டால், அத்துடன் வலி உடம்பின் பல பகுதிகளிலும் பரவி மூன்று மாதமாவது நீடித்திருந்தால், ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லலாம். வேறு நோய் இருப்பதனால் இது இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் 2016இன் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. முடக்குவாதம் இருப்பவருக்கு இதுவும் சேர்ந்தே இருக்கலாம்.

என் நோயைக் கண்டறிந்த மருத்துவர் செய்தது இவ்வளவுதான். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் மனித உருவம் ஒன்றை வரைந்து, பேனாவை என்னிடம் கொடுத்து, வலிக்கும் இடங்களை வட்டமிடச் சொன்னார். பதினான்கு வட்டங்கள் போட்டேன். பிறகு "எப்படி வலிக்குது, உங்க வார்த்தையிலயே சொல்லுங்க" என்றார். முன்கையில் கடுப்பு, முழங்காலுக்குக் கீழே குடைச்சல், முதுகில் எரிச்சல், கழுத்தில் பிடிப்பு, இடுப்பில் உளைச்சல் என்று சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே போனார். என் பழைய கோப்பில் இவை அத்தனையும் 'பாடி பெயின்' என்ற இரண்டே சொற்களில் அடங்கிப் போயிருந்தன. வலிக்குத் தமிழில் இத்தனை சொற்கள் இருக்கும்போது, மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் "உடம்பு வலி டாக்டர்" என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளும் பழக்கத்தை நாமும் விட வேண்டும்.

இந்நோயைத் 'தசைநார் வலி' என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தசையிலோ நாரிலோ தேய்மானம் ஏதுமில்லை. மூளையும் தண்டுவடமும் வலியைக் கையாளும் விதம் மாறிப்போயிருக்கிறது. 2002இல் ரிச்சர்ட் கிரேஸ்லி குழுவினர், 16 நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தை அழுத்தியபடியே மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். இந்நோயில்லாதவர்களுக்குப் பொருட்படுத்த வேண்டாத லேசான அழுத்தமே நோயாளிகளின் மூளையில் வலிக்குரிய பகுதிகளைத் தூண்டியது. அதே அளவு வலியை மற்றவர்கள் உணர வேண்டுமானால், கணிசமாகக் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது. "எல்லாம் மனசுதான்" என்று எனக்குச் சொன்ன உறவினர்கள் அனைவருக்கும் இதை விளக்கியிருக்கிறேன்.

மருந்து விஷயத்திலும் இதே குழப்பம் வருகிறது. இரவில் போடும்படி எழுதித்தந்த சிறு அளவு மாத்திரையின் பெயரை என் கணவர் இணையத்தில் தேடிவிட்டு, "இது மனச்சோர்வுக்குக் கொடுக்குற மாத்திரையாச்சே, உனக்கு எதுக்கு?" என்று பதறினார். அவ்வகை மருந்துகளில் சில வலியைத் தணிக்கும் நரம்புப் பாதைகளிலும் வேலை செய்கின்றன. டுலாக்ஸிடின் என்ற மருந்தை 2008இலேயே அமெரிக்காவில் இந்நோய்க்காகவே அங்கீகரித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி இதற்குப் பயன்படாது. நான் இரண்டு முறை போட்டுக்கொண்டது வீண். 2017இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு உறுதியாகப் பரிந்துரைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சி. முதல் மாதம் வீட்டு வாசலிலிருந்து பிள்ளையார் கோயில் வரை நடந்து திரும்புவதற்கே எனக்கு அழுகை வந்தது. இன்று அரை மணி நேரம் நடக்கிறேன். வலி போய்விடவில்லை. ஆனால் அது என்ன வலி என்று தெரிந்திருப்பதால், புதிதாக ஓரிடத்தில் வலித்தாலும் புற்றுநோயோ என்று இரவில் விழித்திருப்பதில்லை.

புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம்கூட ஒதுக்க முடியாத நெருக்கடி மருத்துவர்களுக்கு இருப்பதை அறிவேன். அதனால்தான் உருவத்தை வீட்டிலேயே வரைந்து, வட்டமிட்டு, எத்தனை மாதமாக வலிக்கிறது, தூக்கம் எப்படியிருக்கிறது என்று எழுதி எடுத்துப் போங்கள் என்கிறேன். முடிந்தால் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் வாதநோய்களுக்கெனத் தனித் துறையே இருக்கிறது. எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் வரைந்து கொடுத்த தாளில் ஒன்பது இடங்களை வட்டமிட்டார். பரிசோதனைகளும் பாக்கியிருக்கின்றன, என்ன நோய் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை அவருடன் நானும் போகிறேன்.