எண்ணிப் பார்ப்பவனுக்கு ஆட்டம் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மாலை முருகன்குறிச்சி டீக்கடையில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அங்கே நின்றவர்களும் இதைப் படிப்பீர்கள். அதனால் யார் முதலில் குரலை உயர்த்தினார், யார் இடையில் எழுந்து போனார் என்ற கதைக்குள் நான் போகவில்லை. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை. "அண்ணாச்சி, நீங்கள் ஆட்டம் பார்ப்பதில்லை, கணக்குத்தான் பார்க்கிறீர்கள்." சொன்ன தம்பிக்கு என் மகன் வயது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் என்னோடு வ.உ.சி. மைதானத்தில் விடிவதற்கு முன்பே வெறுங்காலோடு ஓடியவர்கள். அதுதான் வலித்தது.

நான் அங்கே சொன்னது இவ்வளவுதான். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியை மேனேஜர் மொரினியோ குட்டிச்சுவராக்கிவிட்டார், அவருக்குப் பிறகு மேனேஜராக சோல்ஷெயர் வந்துதான் அணிக்கு உயிர் கொடுத்தார் என்று எல்லோரும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தீர்கள். "கொஞ்சம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றேன். மொரினியோவைத் தூக்கிப் பிடிக்கவும் இல்லை, சோல்ஷெயரைத் தூற்றவும் இல்லை. எண்ணிப் பாருங்கள் என்றேன், அவ்வளவுதான்.

அங்கே என்னை முடிக்க விடவில்லை. இங்கே முடிக்கிறேன்.

மொரினியோ யுனைடெட்டில் இருந்தது 144 ஆட்டங்கள், வென்றது 84. நூற்றுக்கு 58. சோல்ஷெயர் இருந்தது 168 ஆட்டங்கள், வென்றது 91. நூற்றுக்கு 54. மொரினியோ 2017-இல் இங்கிலாந்தின் லீக் கோப்பையையும் ஐரோப்பிய அணிகள் ஆடும் யூரோப்பா லீக் கோப்பையையும் வென்று கொடுத்தார். சோல்ஷெயர் காலத்தில் ஒரு கோப்பையும் இல்லை. 2021 யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் வில்லாரியலிடம் பெனால்டியில் 11-10 என்று தோற்றதுதான் அவர் கோப்பைக்கு மிக அருகில் போன நாள்.

சரி, சதவீதத்தை விடுங்கள். ஒரே ஒரு ஒப்பீட்டைப் பாருங்கள். 2016-17இல் இங்கிலாந்து லீக் பட்டியலில் மொரினியோவின் அணி ஆறாவது இடம். 2019-20இல் சோல்ஷெயரின் அணி மூன்றாவது இடம். "ஆறிலிருந்து மூன்றுக்குக் கொண்டுவந்தார்" என்று அன்றைக்கு ஒருவர் மேசையைத் தட்டிச் சொன்னார். அந்த இரண்டு பருவங்களிலும் யுனைடெட் லீகில் வென்றது ஒரே அளவு, 18 ஆட்டங்கள். மொரினியோவின் அணி தோற்றது 5, சோல்ஷெயரின் அணி தோற்றது 8. ஆறாவதாக வந்தவருக்கு 69 புள்ளிகள், மூன்றாவதாக வந்தவருக்கு 66. மொரினியோவின் அந்த ஆண்டில் பட்டம் வென்ற செல்சீயும் தோற்றது 5 ஆட்டங்கள்தான். யுனைடெட்டைக் கீழே இழுத்தது 15 டிராக்கள். உங்கள் நினைவில் நிற்பது அந்த டிராக்கள், அந்தச் சலிப்பு, ஆட்டம் முடிந்ததும் கேமரா முன் உர்ரென்று நின்ற அந்த முகம். சலிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆட்டங்களை நானும் தூக்கம் கெட்டுப் பார்த்தேன். சலிப்பும் தோல்வியும் ஒன்று அல்ல என்றுதான் சொல்கிறேன்.

சோல்ஷெயரைப் பிடிக்காமல் நான் பேசுவதாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1999-ஆம் ஆண்டு மே மாதம், நம் ஊரில் நள்ளிரவு தாண்டிய நேரம், பார்சிலோனாவில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், யுனைடெட் வீரராக அவர் கடைசி நொடியில் காலை நீட்டிப் பந்தை வலைக்குள் தள்ளினாரே, அந்த நொடியில் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி முன் நான் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்தது. 2019 மார்ச்சில் பாரீசில் 3-1 என்று வென்றபோது, மேனேஜராக நின்ற அவரைப் பார்த்துக் கண் கலங்கியவன் நான். தற்காலிகப் பொறுப்பு மேனேஜராக இருந்த 19 ஆட்டங்களில் 14 வெற்றி. அதையும் நான்தான் அன்றைக்கு உங்களுக்குச் சொன்னேன், உங்களில் ஒருவருக்கும் அந்த எண் நினைவில்லை. பிடித்த மனிதர் என்பதால்தான் எண்ணிப் பார்க்கிறேன். பிடித்தவர் தோற்றால் "இன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்கிறது மனம். பிடிக்காதவர் தோற்றால் "நான்தான் சொன்னேனே" என்கிறது. அந்த மனத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மனிதர்களை எடை போட எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது கேள்விகள் வரும் என்று தெரியும். சில அன்றைக்கே வந்தன.

"எண்ணுக்குள் பணம் தெரியுமா? ஒருவருக்குக் கிடைத்த வீரர்கள் வேறு, இன்னொருவருக்குக் கிடைத்தவர்கள் வேறு." உண்மை. ஒப்புக்கொள்கிறேன். 2018 டிசம்பரில் லிவர்பூலிடம் அவர்களுடைய ஆன்ஃபீல்டு மைதானத்தில் 3-1 என்று தோற்று மொரினியோ வெளியேறியபோது, யுனைடெட் லிவர்பூலைவிட 19 புள்ளிகள் பின்தங்கி இருந்தது. உடைந்த வீட்டைத்தான் சோல்ஷெயர் கையில் வாங்கினார். ஆனால் 2016-இல் மொரினியோவுக்காக 89 மில்லியன் பவுண்டுக்குப் போக்பாவை வாங்கினார்கள் என்றால், 2019-இல் சோல்ஷெயருக்காக 80 மில்லியன் பவுண்டுக்கு மகுவயரை வாங்கினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பணம் என்று சொல்லும்போது நீங்களும் எண்ணைத்தான் எடுக்கிறீர்கள். உங்களுக்குச் சாதகமான எண் என்றால் அது அறிவு, நான் சொன்னால் கணக்கா?

"1989-இல் எண்ணைப் பார்த்திருந்தால் ஃபெர்குசனையே துரத்தியிருப்பார்கள்." இதைச் சொன்னவர் வென்றுவிட்டதாக நினைத்துச் சுற்றிலும் பார்த்தார். 1986 நவம்பரில் யுனைடெட் மேனேஜராக வந்த ஃபெர்குசன், முதல் லீக் பட்டத்தை 1993-இல்தான் வென்றார். இடையில் ஒரு பருவம் 13-ஆவது இடம். எல்லாம் சரி. ஆனால் அவரைத் துரத்தச் சொன்னது யார்? 1989 டிசம்பரில், மூன்று வருடச் சாக்குப்போக்குகள் போதும், போய் வா என்று துணியில் எழுதி மைதானத்தில் பிடித்தவர்கள் ரசிகர்கள். தினமும் கண்ணால் ஆட்டம் பார்த்தவர்கள். அவர்களுடைய கண் அன்றைக்கு என்ன சொன்னது? ஆண்டு முழுவதையும் பொறுமையாக அடுக்கி எண்ணுகிறவன், ஒரு சனிக்கிழமைத் தோல்வியை வைத்து யாரையும் துரத்தமாட்டான்.

    

நம் மாநிலத்துக்கே வருவோம். சென்னையின் எஃப்.சி. அணியின் பயிற்சியாளர் ஜான் கிரகரி. 2018 மார்ச் 17, பெங்களூருவில் இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம். பட்டியலில் முதலிடத்தில் இருந்த பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே, சேத்ரி ஒன்பதாவது நிமிடத்தில் கோல் போட்ட பிறகும், 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கினோம். நம் மைல்சன் தலையால் முட்டி இரண்டு கோல், அகுஸ்டோ ஒரு கோல். அன்றிரவு நாம் எல்லோரும் எப்படி இருந்தோம் என்று நினைவிருக்கிறதா? அடுத்த பருவம் அதே கிரகரி, 18 ஆட்டங்களில் 2 வெற்றி, மொத்தம் 9 புள்ளி, கடைசி இடம். முதல் பருவத்தைப் பார்த்தவர் அவரைக் கடவுள் என்கிறார். இரண்டாவதைப் பார்த்தவர் ஒன்றும் தெரியாதவர் என்கிறார். இருவரும் கண்ணால்தான் பார்த்தார்கள். அவருக்குப் பிறகு 2019 டிசம்பரில் வந்த ஓவன் காயல், அடிமட்டத்தில் கிடந்த அணியை இறுதியாட்டம் வரை இழுத்துப் போனார். கோவாவில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத மைதானத்தில், கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றோம். கோப்பை இல்லை என்பதால் காயலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு காலத்தில் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்த சையத் அப்துல் ரஹீம் ஆடவைத்த ஓர் ஆட்டத்தையாவது நம்மில் யாராவது நேரில் பார்த்திருக்கிறோமா? 1951 டெல்லியில் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மறுபடி தங்கம். அடுத்த ஆண்டு புற்றுநோயில் போய்விட்டார். அவர் பெரிய பயிற்சியாளர் என்று நாம் மார்தட்டுவது எதை வைத்து? யாரோ எழுதி வைத்ததால். யாரோ எண்ணி வைத்ததால்.

இவ்வளவு நேரம் மான்செஸ்டரையும் சென்னையையும் பேசியது, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்றைத் தள்ளிப் போடத்தான் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். 1990-களின் தொடக்கம். நான் இரண்டாவது கோல்கீப்பர். அதாவது பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருப்பவன். எங்கள் சார் ஒருநாள் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, "ஏலே, சும்மா உட்காராதே, எழுது" என்றார். எதிரணி யார், எத்தனை கோல் போட்டோம், எத்தனை வாங்கினோம், வாங்கிய கோல் வலது பக்கமிருந்து வந்ததா, இடது பக்கமா, நடுவிலா, எந்த நிமிடம். ஆட்டம் முடிந்ததும் வேப்ப மரத்தடியில் நோட்டை வாங்கிப் பார்ப்பார். கடைசிப் பத்து நிமிடத்தில் வாங்கிய கோல் ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். அந்தக் கோல்கள் திறமைக் குறைவால் வந்தவை அல்ல, மூச்சு வாங்கியதால் வந்தவை என்பார். மறுநாள் காலை மைதானத்தைச் சுற்றி ஐந்து சுற்று கூடுதலாக ஓட வேண்டும். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பையன்களுக்கு அவரைப் பிடிக்காது. பெற்றோருக்கும் பிடிக்காது.

ஒரு வருடம் இறுதியாட்டத்தில் பெனால்டியில் தோற்றோம். பள்ளி நிர்வாகத்தினர் வந்து பார்த்த ஒரே ஆட்டம் அது. அந்த ஒரு மாலையை வைத்து, இந்த ஆளுக்கு ஜெயிக்கத் தெரியாது என்று முடிவு செய்து அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த சார் தோளில் கை போட்டுப் பேசுவார். ஆட்டம் முடிந்ததும் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுப்பார். எங்களுக்குச் சொர்க்கம். அணி இப்போதுதான் உருப்பட்டது என்று ஊரே பேசியது. நானும் பேசினேன். பழக்கத்தால் நோட்டில் எழுதிக்கொண்டு மட்டும் இருந்தேன். யாரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் சமாதானபுரம் பஸ் நிறுத்தத்தில் பழைய சாரைப் பார்த்தேன். கையில் மஞ்சள் பை. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "கடைசிப் பத்து நிமிடத்தில் எத்தனை கோல் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார். "இப்போதெல்லாம் நன்றாக ஆடுகிறோம் சார்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

போன வருடம் அப்பா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அந்த நோட்டு கிடைத்தது. ஓரங்கள் கரையான் தின்றது போக எழுத்து அப்படியே இருக்கிறது. முற்றத்தில் உட்கார்ந்து எண்ணினேன். பழைய சாரின் கடைசி இரண்டு வருடம், 31 ஆட்டங்கள், 19 வெற்றி. கடைசி வருடத்தில் சிவப்பு வட்டம் இரண்டே இரண்டு. புது சாரின் வருடம், 14 ஆட்டங்கள், 5 வெற்றி. வட்டம் ஒன்றுகூட இல்லை, போட ஆள் இல்லாததால். நானே ஒரு சிவப்புப் பேனா எடுத்து, நிமிடம் பார்த்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்பது வட்டம் வந்தது.

போய்ச் சொல்லலாம் என்று விசாரித்தேன். சார் இறந்து ஏழு வருடம் ஆகிவிட்டது என்றார்கள்.

எண்ணுகிறவனுக்கு நெஞ்சு இல்லை என்று அன்றைக்கு ஒருவர் சொன்னாரே, அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன். வருகிற ஞாயிறும் அதே கடைக்கு, அதே நேரத்துக்கு வருவேன். நோட்டையும் எடுத்து வருகிறேன். தம்பி, நீ முதலில் அதை ஒருமுறை புரட்டிப் பார். மொரினியோவைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.