ஒரு கையொப்பத்தைச் சரிபார்க்க 617 இலக்கப் பெருக்கலா?

வெள்ளிக்கிழமை மாலை, எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் வருகிறது அந்த மின்னஞ்சல். உள்நுழைவுச் சேவையை நடத்துகிறவர்கள் அனுப்பியது. திங்கள் முதல், இரு பக்கமும் ஒரே ரகசியத்தை வைத்திருக்கும் எச்எஸ்256 முறை கிடையாதாம், டோக்கன்கள் (உள்நுழைந்தவர் யார் என்று சொல்லும் மின்சீட்டுகள்) எல்லாம், ரகசியத் திறவியால் கையொப்பமிட்டுப் பொதுத்திறவியால் சரிபார்க்கும் ஆர்எஸ்256 முறையில்தான் வருமாம். இரண்டே வரி. முன்னறிவிப்பு என்பது இதுதானா?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள்ளேயே இந்த டோக்கன்களை, அதாவது ஜேடபிள்யூடிகளை, சரிபார்த்தவர்களுக்கு இப்போதே வயிறு எரிந்திருக்கும். போஸ்ட்கிரெஸின் குறியாக்க நீட்சியான (துணை நிரலான) பிஜிகிரிப்டோவில், ரகசியம் கலந்து முத்திரை கணக்கிடும் எச்மேக் இருக்கிறது, எச்எஸ்256-க்கு அது போதும். பிஜிஜேடபிள்யூடி நீட்சியும் அந்த எச்மேக்கோடு நின்றுவிடுகிறது. பொதுத்திறவி கொண்டு பிஜிபி முறையில் குறியாக்கம் செய்ய பிஜிகிரிப்டோவுக்குத் தெரியும். ஆர்எஸ்256-க்கு வேண்டிய ஆர்எஸ்ஏ கணக்கு அதற்குள்ளேயே கிடக்கிறது. கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டும் வழியில்லை! கையொப்ப வசதி இல்லை என்று கையேட்டிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

பைத்தானில் எழுதலாமே என்பார்கள். தரவுத்தளத்துக்குள் ஓடும் பைத்தானுக்கு சூப்பர்யூசர் (முழு நிர்வாகி) அனுமதி வேண்டும், எங்கள் கிளவுடில் அது கிடைக்காது. சி மொழியில் நீட்சி எழுதினாலும் அங்கே நிறுவ விடமாட்டார்கள். மிச்சம் இருப்பது போஸ்ட்கிரெஸின் சொந்த நிரல்மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் மட்டும்.

ஆகவே சனிக்கிழமை இரவு உட்கார்ந்து கையாலேயே எழுதினேன். டோக்கனில் வருவது, பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் சாதாரண பேஸ்64 இல்லை. கழித்தல் குறியைக் கூட்டலாகவும், அடிக்கோட்டைச் சாய்கோடாகவும் மாற்றிக் கடைசியில் சமக்குறிகளை ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் எழுத்துவரிசையின் முடிவு சரியில்லை என்று பிழை வரும். பிறகு 256 பைட் கையொப்பத்தை ஒவ்வொரு பைட்டாக எடுத்து, 256-ஆல் பெருக்கிக் கூட்டி, ஒரே எண்ணாக்க வேண்டும். 617 இலக்கங்கள் வரை போகிறது அந்த எண். அதை வர்க்கப்படுத்தி, திறவியின் எண்ணால் வகுத்து மீதியை எடுக்கவேண்டும். மறுபடி வர்க்கம், மறுபடி மீதி, இப்படி 16 முறை. அதற்குப் பிறகு மூல எண்ணால் இன்னொரு பெருக்கல், இன்னொரு மீதி. அப்போதுதான் 65537 என்ற அடுக்கு முடியும். வந்த விடையை மீண்டும் பைட்டுகளாக உடைத்து, 00, 01, அப்புறம் 202 எஃப்எஃப், அடுத்து ஒரு 00, எந்த வகை ஹாஷ் (உள்ளடக்கத்தின் சுருக்க முத்திரை) என்று சொல்லும் 19 பைட், கடைசியில் 32 பைட் ஹாஷ் என்று வரிசை பிசகாமல் ஒப்பிடவேண்டும். பணக்கணக்குப் போட வைத்திருக்கும் நியூமெரிக் வகையில் இத்தனையும்! ஒரு 'சரி' அல்லது 'தவறு' கிடைப்பதற்காக!

இதையெல்லாம் செயலியிலேயே செய்துவிட்டுப் பயனர் எண்ணை மட்டும் தரவுத்தளத்துக்குச் சொல்லலாமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்கிறார். சொல்வது யார்? இன்ஜெக்‌ஷன் ஓட்டை (வினவலுக்குள் தன் கட்டளையை நுழைக்கும் வழி) ஒன்று கிடைத்தவனும், செயலி பயனர் எண்ணைச் சொல்ல அழைக்கும் அதே செட்_கான்ஃபிக்கை அழைத்து வேறொருவருடைய எண்ணைச் சொல்லலாம். போஸ்ட்கிரெஸ் 9.5 வந்த 2016 முதல் வரிசைவாரிப் பாதுகாப்பு, அதாவது யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்ற விதி, இருக்கிறது. கேட்பவர் யார் என்பதை வெறும் வாய்ச்சொல்லாக நம்பவேண்டும் என்றால் அந்தப் பாதுகாப்பு எதற்கு? தரவு இருக்கும் இடத்தில்தான் கையொப்பத்தைப் பார்க்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

அதிலும் பாதுகாப்பு விதிக்குள் அந்தச் சரிபார்ப்பை நேரடியாக அழைத்தால் வரிசைக்கு ஒருமுறை ஓடித் தொலைக்கிறது. துணை வினவலுக்குள் பொதிந்து வைத்தால்தான் ஒருமுறையோடு நிற்கிறது. திறவி மாறினால் புதியதைத் தரவுத்தளம் தானாகப் போய் எடுத்துவராது, அதற்குத் தனி வேலை ஒன்று ஓடவேண்டும். எந்தக் கையொப்ப முறை என்பதை டோக்கனின் தலைப்பிலிருந்தே படித்துக்கொள்ளலாமே என்று வேறு ஒருவர் ஆலோசனை தருகிறார். பொதுத்திறவியையே எச்மேக் ரகசியமாக வைத்துப் போலி டோக்கன் செய்யும் வழி 2015-லேயே அம்பலமானது. இன்னுமா அந்தத் தலைப்பை நம்புவது?

எல்லாம் முடித்துச் சோதிக்கலாம் என்று மொபைல் குழுவிடம் ஒரு டோக்கன் கேட்டேன். காலாவதி நேரத்தை நொடிகளில் தரவேண்டும் என்று ஜேடபிள்யூடிக்கான தரநிலையான ஆர்எஃப்சி 7519 தெளிவாகச் சொல்கிறது. இவர்கள் மில்லிநொடியில் போட்டிருக்கிறார்கள். கேட்டால், எங்கள் பக்கம் நன்றாகத்தான் ஓடுகிறது என்கிறார்கள். ஓடாமல் என்ன செய்யும்? அந்த டோக்கன் காலாவதியாக கி.பி. 57,000 தாண்டவேண்டும்!