வெற்றிலை மென்ற மீன்

போன கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகன் ஜாம் போத்தலில் மூன்று கப்பி மீன் வைத்திருந்தான், டவுனில் கடையில் வாங்கியது. "பெருசானதும் ஆத்துல விட்டுருவேன் மாமா, பாவம் அடைச்சு வைக்கக்கூடாது" என்றான். நல்ல பிள்ளை, நல்ல மனசுதான். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அவனிடம் அன்றைக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். நாங்கள் இருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே ஐந்து நிமிடம் இறங்கினால் ஓடை. அம்மா விடிய முன்னமே பால் வெட்டப் போய்விடுவார், அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயிதான் உடுப்பு துவைக்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தால் கல்லோடு ஒட்டிக் கிடக்கிற மீன்கள் மெல்ல வந்து தோலைக் கவ்விப் பார்க்கும். கீழ்க் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள் அதற்கு 'கல் பாண்டியா' என்று பெயர் சொல்லித் தந்தார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட இன்னொன்று இருந்தது. இணை சேரும் காலம் வந்தால் அதில் ஆண் மீன் ஆளே மாறிப்போகும், தலைப்பக்கம் முழுக்கச் சிவந்து, பின்பக்கம் வெல்வெட் துணி போல கறுத்துவிடும். அதன் பெயர் 'புலத் ஹப்பயா', வெற்றிலை மெல்லுகிறவன். அம்மாயிக்குச் சிங்களம் அவ்வளவாக வராது, ஆனால் அவரும் அதை 'வெத்தல வாயன்' என்றுதான் சொல்வார். யாரிடம் கேட்டுச் சொன்னாரோ, தானாகவே வைத்தாரோ, கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.

அந்த வெற்றிலை வாயன் இந்த உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது என்பது எனக்குத் தெரிந்தபோது வயது இருபத்தேழு. கொழும்பில் வேலைக்கு வந்த பிறகு ஒரு மீன் தொட்டிக் கடையில் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நம் நாட்டு நன்னீர் மீன்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள், அதில் பாதிக்கும் மேல் இந்தத் தீவுக்கு மட்டுமே உரியவை. அவற்றில் பெரும்பாலானவை இருப்பதோ களனி, களு, ஜின், நில்வளா என்று தென்மேற்கில் ஓடும் நான்கு ஆறுகளிலும் அவற்றில் வந்து விழும் சின்னச் சின்ன ஓடைகளிலும்தான். மழை எப்போதும் இருக்கிற மலைச்சரிவு, மேலே மரம் கவிந்த குளிர்ந்த தண்ணீர், அடியில் கல்லும் உதிர்ந்த இலையும். இதெல்லாம் சேர்ந்து இருக்கிற இடத்தில்தான் இந்த மீன்கள் பிழைக்கும்.

உலகம் முழுக்க வீட்டுத் தொட்டிகளில் செர்ரி பார்ப் என்று வளர்க்கிறார்களே, அந்தச் சிவப்பு மீனும் நம்முடையதுதான். 'லே தித்தயா' என்பார்கள், லே என்றால் இரத்தம். 1929இல் தெரணியகல என்ற நம் நாட்டு ஆய்வாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது கிராமத்தார் சொன்ன தித்தயாவையே அதில் சேர்த்துவிட்டார். அடுத்த வருடம் அவர் பெயர் வைத்த இன்னொரு மீன் 'ஹல்மல் தண்டியா'. ஹல் மரத்துப் பூவின் நிறத்தில் இருக்கிறதாம், அதனால் அந்தப் பெயர். ஹல் பட்டையை உங்களுக்குத் தெரிந்திருக்கும், கித்துள் பதநீர் புளிக்காமல் இருக்கச் சட்டியில் போடுவார்களே, அந்த மரம். மீனைப் பார்த்துப் பூ ஞாபகத்துக்கு வருகிற அளவுக்கு அந்த ஓடையையும் காட்டையும் தெரிந்து வைத்திருந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஏக்கமாக இருக்கிறது. நாங்களும் நான்கைந்து தலைமுறையாக அதே ஓடையில்தான் குளித்தோம், அதே தண்ணீரைத்தான் குடித்தோம்.

என் கருத்து இதுதான்: சிங்கராஜ மழைக்காட்டைக் காப்பாற்றினால் இந்த மீன்கள் தப்பிவிடும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறோம், அது போதாது. கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமட என்ற ஊரில் 'பந்துல பெத்தியா' என்று ஒரு மீன் இருக்கிறது. 1991இல்தான் அதை அறிவியல் உலகத்துக்கு அறிவித்தார்கள், அழியும் விளிம்பில் இருக்கும் இனம். அது கண்டெடுக்கப்பட்டது இறப்பர் தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவே வீடுகளை ஒட்டி ஓடுகிற ஒரேயொரு சின்ன ஓடையில். பாதுகாக்கப்பட்ட காடு ஒன்றும் இல்லை அங்கே. அந்த மீனின் உயிர் மருந்து அடிக்கிறவர், வயலுக்குத் தண்ணீர் மறிக்கிறவர், உடுப்பு துவைக்கிறவர், தூண்டிலோடு வருகிற பிள்ளை என்று இப்படிப்பட்ட ஆட்கள் கையில்தான் இருக்கிறது. நம்மைப் போன்ற ஆட்கள்தான் அவர்கள்.

எங்கள் ஓடையில் இப்போது வெற்றிலை வாயனைக் காணவில்லை. போன கிழமை இரண்டு மணித்தியாலம் கல்லைக் கல்லாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கரை வரைக்கும் புல் கருகிக் கிடக்கிறது. முன்பு தோட்டத்தில் ஓடையோரம் இரண்டு பக்கமும் காட்டு மரத்தை விட்டு வைத்திருந்தார்கள், அப்புறம் அதையும் வெட்டி இறப்பர் கன்று வைத்து, புல்லுக்குத் தண்ணீர் ஓரம் வரைக்கும் மருந்து அடிக்கிறார்கள். கிளைபோசேட் என்கிற புல் கொல்லி மருந்தை 2015இல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதித்துவிட்டார்கள். மருந்து மீனை நேராகக் கொல்கிறதா என்று சண்டை போடக்கூட வேண்டியதில்லை. புல் செத்தால் வேர் பிடிப்பு போய்விடும், ஒரு பெருமழைக்குக் கரை மண் இறங்கி அடியிலுள்ள கல்லையெல்லாம் மூடிவிடும். கல் பாண்டியா மேய்கிற பாசியும் போச்சு, மற்ற மீன்கள் முட்டை போடுகிற இடமும் போச்சு. மருந்து கேனை ஓடையில் கழுவுகிற தொழிலாளியைத் திட்டாதீர்கள், தோட்டத்தில் அவருக்கு வேறு குழாய் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். எங்கள் தோட்டத்தில் கொடுக்கவில்லை.

கப்பி விஷயத்துக்கு வருகிறேன். டெங்கு நுளம்பைக் கட்டுப்படுத்த கப்பியை விட்டால் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் சொன்னார்கள். ஆனால் கப்பி வெளிநாட்டு மீன். நுளம்புப் புழுவைத் தின்ன நம் ஓடைகளிலேயே ஆள் இருக்கிறது, நீர்மட்டத்தில் திரிகிற, தலையில் வெள்ளைப் பொட்டு மின்னுகிற அந்தச் சின்ன மீன். வெளிநாட்டு மீனைத் தொட்டியில் வையுங்கள், கிணற்றில்கூட வையுங்கள், ஓடையில் மட்டும் விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்கிற அந்த முரட்டு மீனையும்தான். பெரிதாகிவிட்டது, கொல்ல மனமில்லை என்று ஆற்றில் விட்டதெல்லாம் இன்றைக்கு மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. திலாப்பியாவை நான் அப்படிச் சொல்ல மாட்டேன், 1952இல் கொண்டுவந்து குளங்களில் விட்ட மீன் அது, வன்னியிலும் கிழக்கிலும் எத்தனையோ ஏழை வீட்டில் அதுதான் குழம்பு. அது குளத்தில் இருக்கட்டும்.

தோட்ட நிர்வாகங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓடையின் இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு அடி மருந்து அடிக்காமல் விடுங்கள், அதில் முளைக்கிற காட்டு மரத்தை வளர விடுங்கள், கேன் கழுவ தள்ளி ஒரு இடத்தில் குழாய் போட்டுக் கொடுங்கள். சின்ன மின் நிலையங்களுக்காக மேலே மறித்துக் குழாயில் எடுக்கிற ஓடைகளில், மழையில்லாத மாதத்திலும் கீழே கொஞ்சத் தண்ணீர் வர விடுங்கள், கல் காய்ந்தால் அங்கே ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம், நம் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் ஓடை மீன்களுக்கு மேலே நான் சொன்ன உள்ளூர்ப் பெயர்களைப் பாருங்கள், ஒன்றைத் தவிர எல்லாம் சிங்களம். அது குறை இல்லை, அந்தப் பெயர்களால்தான் எனக்கு இந்த மீன்களையே தெரியும். ஆனால் தோட்டத்துக் கிழவிகளும் இவற்றுக்கு ஏதோ சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்தானே? எட்டியாந்தோட்டை, தெரணியகலை, அவிசாவளை, இரத்தினபுரிப் பக்கத்து ஆட்கள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு கமெண்டில் போடுங்கள். ஒரு கொப்பியில் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்கு அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: வெத்தல வாயன், அம்மாயி சொன்னது.