கம்ப்யூட்டரை மாற்றவும் பட்டம் பார்க்க வேண்டும்

"விண்டோஸ் பத்து செத்துப்போச்சாமே தம்பி, புதுசு வாங்கித்தான் ஆகணுமா?" கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். மன்னார்குடியில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று பிழைப்பு நடத்துகிறவனிடம் வேறு என்னத்தைக் கேட்பார்கள்! ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான். அவசரக்காரர்களுக்கு மட்டும் சுருக்கமாக: செத்துப்போகவில்லை, ஆனால் அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. எப்போது மாற்றுவது என்பதை உங்கள் வேலையைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள், கம்ப்யூட்டர் விற்கிறவரிடம் அந்த முடிவை விடாதீர்கள்.

நடந்தது இவ்வளவுதான். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் வழக்கம்போல ஆன் ஆகும், கணக்கு எழுதுகிற டேலி ஓடும், பிரிண்ட் வரும். மாதாமாதம் சும்மா வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் மட்டும் வராது.

தேதியைப் பாருங்கள். சரியாக தீபாவளிக்கு முந்தின வாரம். நம் பக்கம் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டக் கூட்டம் சேருகிற நேரம். நவம்பர் நடுவில் கெடு என்பார்கள், கடைசி நேரத்தில் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு ஆட்கள் வாசல்படி வரை நிற்பார்கள். மழை வேறு. சர்வர் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் போய் "அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்" என்று திரையைக் காட்டினால் என்ன நடக்கும் என்று அமெரிக்காவில் தேதி குறித்தவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நமக்குத் தெரியும்.

அதனால்தான் ஐப்பசியில் எந்த மெஷினையும் தொடவில்லை. என் கணக்குப்படி கம்ப்யூட்டரைப் பிரித்து மேய நல்ல நேரம் பங்குனி, சித்திரை. சம்பா, தாளடி அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுக் காசு வந்திருக்கும். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கலைக்கல்லூரி விண்ணப்பம், இன்ஜினியரிங் கவுன்சலிங் என்று பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை வேலை. நடுவில் கிடைக்கிற இடைவெளி இதுதான். வீட்டில் படம் பார்க்க மட்டும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றலாம்.

"அப்படியே ஓட்டலாம், ஒன்னும் ஆகாது" என்று சொல்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு விஷயம். 2017 மே மாதம் வான்னக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, நினைவிருக்கிறதா? பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே தடுமாறிப்போயின. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைப்பு கொடுத்திருந்தது. அப்டேட் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஊர் ஜனத்தின் ஆதார் நகல் இருக்கிறது, பேங்க் பாஸ்புக் ஸ்கேன் இருக்கிறது. எனக்குப் பயம் அதுதான்.

சரி, இப்போதைக்கு என்ன வழி? வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்டே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. 30 டாலர் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதில் சேமித்துவைக்கச் சம்மதித்தால் காசே இல்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும். இத்தனை பேர் புதுசு வாங்கணுமா என்று கேட்டார்களே, இதை அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. விற்கிற இடத்தில் எப்படிச் சொல்வார்கள்? நிறுவனங்களுக்கு ரேட் வேறு: முதல் வருடம் ஒரு மெஷினுக்கு 61 டாலர். நம் காசுக்கு ஐயாயிரத்தைத் தாண்டும். என்னைக் கேட்டால் ஓடாத குதிரைக்கு அது கொள்ளு.

அடுத்தது "உங்க சிஸ்டம் பதினொன்னுக்குத் தாங்காது" என்கிற தீர்ப்பு. பதினொன்று என்றால் பத்துக்கு அடுத்து வந்த விண்டோஸ் 11. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசஸர் அல்லது அதற்கு மேல், 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு. இந்தச் சில்லு விஷயத்தில்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள், அல்லது சொல்கிறவர்களுக்கே தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த உரக்கடைக்காரர் ஒருவரின் மெஷின் ஐ3, எட்டாவது தலைமுறை. தாங்காது, புதுசு எடுங்கள் என்று ஒரு இடத்தில் கொட்டேஷனே கொடுத்துவிட்டார்கள். ஆன் பண்ணும்போது டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வருகிற மதர்போர்டு செட்டிங்ஸ்) போனால், இன்டெல் பிடிடி என்ற வரி 'டிஸேபிள்ட்' என்று கிடக்கிறது. பிராசஸரோடு வருகிற டிபிஎம்முக்கு இன்டெல் வைத்த பெயர் அது. அதை எனேபிள் செய்து சேவ் பண்ணியதும் டிபிஎம் வந்துவிட்டது. அப்புறம், ஆன் ஆகும்போதே கண்டதும் நுழையாமல் தடுக்கிற செக்யூர் பூட் முரண்டு பிடித்தது. பதினொன்று அதையும் எதிர்பார்க்கும். டிஸ்க் எம்பிஆர் என்கிற பழைய பிரிப்பு முறையில் இருந்ததுதான் காரணம். விண்டோஸிலேயே இருக்கிற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, டேட்டாவை அழிக்காமல் அதை ஜிபிடி என்கிற புது முறைக்கு மாற்றிக்கொடுக்கும். இருந்தாலும் டேலி டேட்டாவை முதலில் வெளி டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கைவைத்தோம். உரக்கடை பில் எல்லாம் அதில்தானே இருக்கிறது. கூடவே ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டார், ராமை 8 ஜிபி ஆக்கினார். பழைய ஹார்ட் டிஸ்கில் பதினொன்றைப் போட்டால் ஆன் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

நிஜமாகவே தாங்காத மெஷினிலும் குறுக்குவழியில் பதினொன்றைத் திணித்துக் காசு வாங்குகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வருமென்று உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்காக மாறுகிறோம் என்று சொல்லிவிட்டு அதையே தொலைத்தால் எப்படி? அதைவிட மோசம் கிராக், அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்துப் போடுகிற விண்டோஸ். நாம் நேர்மையாக ஒத்துக்கொள்ளணும், நம் ஊர் டெஸ்க்டாப்களில் கிராக் விண்டோஸ் ஏராளம். அதை ஒரிஜினல்போல ஆக்குகிற ஆக்டிவேட்டரை ஓடவிட ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், நாமும் நிறுத்துவோம். கொல்லைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வாசலுக்கு எந்தப் பூட்டு நல்லது என்று விசாரிக்கிற கதை.

புதிதாகப் பதினொன்று போடுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து உள்ளே போனால், பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் முறையில் பூட்டிக்கொள்ளும். நல்லதுதான், லேப்டாப் களவு போனால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் பயாஸில் ஏதாவது மாறினால், போர்டு பழுதானால், 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். கணக்கை யார் திறந்தது? கடைப் பையன், ஏதோ ஒரு மெயிலில், யாருடைய நம்பரையோ போட்டு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இப்படி நீலத்திரையோடு லேப்டாப்பைத் தூக்கிவந்தார். பேத்தி கல்யாணப் போட்டோ அத்தனையும் உள்ளே. விற்ற கடையில் அந்தப் பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டானாம். எண் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, என்னாலும் முடியவில்லை. ஆகவே கணக்கை உங்கள் பெயரில், உங்கள் நம்பரில், உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். ரெக்கவரி எண்ணைப் பிரிண்ட் எடுத்துப் பத்திரம் இருக்கிற பீரோவில் வையுங்கள்.

விண்டோஸுக்குப் பதிலாகச் சும்மா கிடைக்கிற லினக்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். 2011-இல் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். பசங்க முதல் வேலையாக அதை அழித்தார்கள்! இப்போது நிலைமை வேறு. என் கடையில் நாலாவது தலைமுறை மெஷின் ஒன்று இருக்கிறது, அதற்கு லினக்ஸ் மின்ட்தான் போடப்போகிறேன். பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்த்தாயிற்று. பிரவுசர், பிடிஎஃப், தமிழ்99 கீபோர்டு எல்லாம் சுகமாக ஓடுகிறது. ஆனால் கைரேகைக் கருவியும் ஆடிட்டர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் லினக்ஸில் சண்டித்தனம் செய்யலாம். அந்த வேலை இருப்பவர்கள் விண்டோஸை விட்டு முழுசாக வெளியே வர முடியாது. டேலியை நம்பி இருப்பவர்களுக்கும் இதேதான்.

எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் பங்குனியில் பதினொன்றுக்குப் போய்விடுங்கள் என்பதுதான் என் கருத்து. மாறின பத்து நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் பத்துக்கே திரும்புகிற வசதி செட்டிங்ஸில் உண்டு. அந்தப் பத்து நாளுக்குள் பழைய லேசர் பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பத்திரம் எழுதுகிறவர்கள் வானவில், பாமினி ஃபான்ட்களை முன்கூட்டியே தனியாக எடுத்து வையுங்கள். இல்லையென்றால் பழைய கிரயப் பத்திர ஃபைலைத் திறந்ததும் எழுத்தெல்லாம் புழுப்போல நெளியும்.

என்னிடம் கொண்டுவருகிறவர்கள் மெயில் ஐடி, பாஸ்வேர்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் கொடுத்த நம்பர் இருக்கிற போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஐப்பசியில் மட்டும் வராதீர்கள்.